பாதி அவருடையது

அந்தப் புதன்கிழமை காலையில் என் மகள் முத்தாயிக்குத் தலை வாரினேன். மக்காச்சோளக் குஞ்சம் போல வெளுத்த முடி. வீட்டில் வேறு யாருக்கும் அப்படி இல்லை. அவள் என்னைப் பார்க்காமல் டம்ளரைத் தரையில் சுற்றிவிட்டுக்கொண்டிருந்தாள். எல்லா நாளும் அப்படித்தான். மத்தியானம் வலிப்பு வந்தது. ராசிபுரத்திலிருந்து சேலம் சேருமுன் காரிலேயே போய்விட்டாள். ஆறு வயது. 1982.

அவள் பேசியதில்லை. கூப்பிட்டால் திரும்பியதில்லை. சேலத்தில் ஒரு டாக்டர், "தாய் ஒழுங்காக் கொஞ்சிப் பேசுனா புள்ள தானாப் பேசும்" என்றார். அவள் உடம்பில் ஈரத்துணி மக்கிய வாசம் அடிக்கும். நான் குளிப்பாட்டுவதில்லை என்று ஊரெல்லாம் சொன்னார் என் மாமியார் சென்னியம்மாள். தினம் இரண்டு வேளை குளிப்பாட்டினேன். தேறட்டும் என்று பாலும் முட்டையுமாக ஊட்டினேன்.

கடைசி வருடம் மெட்ராஸில் ஒரு டாக்டர்தான் மூத்திரத்தைச் சோதித்துச் சொன்னார். பாலிலும் முட்டையிலும் பருப்பிலும் உள்ள ஒரு சத்து செரிக்காமல் தங்கி மூளையைக் கெடுத்துவிட்டது; வெளுத்த முடியும் அந்த வாசமும் அதனால்தான். பிறந்ததும் கண்டுபிடித்திருந்தால் சாப்பாட்டை மாற்றியே காப்பாற்றியிருக்கலாம். குறை தாயிடம் பாதி, தகப்பனிடம் பாதி; இரண்டும் சேர்ந்தால்தான் நோய். சொந்தத்தில் கட்டினால் இப்படிச் சேர வாய்ப்பு அதிகம். என் கணவர் மருதாசலம் என் தாய்மாமன் மகன். அவரும் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். ஊர் திரும்பியதும் வாய் திறக்கவில்லை.

பதினாறாம் நாள் பந்தியிலேயே மாமியார் என் அப்பாவிடம் ஆரம்பித்தார்.

"மூத்தவ பொன்னாத்தா வவுறு செரியில்லீங்கண்ணா. சின்னவ சௌந்திரத்தக் குடுத்துப்போடுங்க. அசலுக்கா போயித் தேடறது?"

அப்பா தலையாட்டப் போனார்.

"கொறை ரண்டு பேர்த்துதுங்க அத்தை. அவரும் கேட்டாருங்க" என்றேன்.

"அதையெல்லாம் ஆம்பள மேல வெக்காத சாமி" என்றார் மாமனார். என் கணவர் குனிந்து மோர்ச்சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தார்.

மோர் வாளியோடு நின்ற என் தங்கை சௌந்திரம் அவர் இலைக்கு முன்னால் வந்தாள். "ஏனுங்க மாமா, அந்த டாக்டர் சொன்னத உங்க வாயால இங்கயே சொல்லுங்க. சொல்லிட்டீங்கன்னா தாலிய நானே வாங்கியாறேன்."

அவர் எழுந்து கை கழுவப் போய்விட்டார். பேச்சு அத்தோடு நின்றது.

சௌந்திரத்தை ஆத்தூரில் சொந்தமில்லாத அசலில் கொடுத்தோம். நான் அப்பா வீட்டுக்கு வந்துவிட்டேன். என் கணவருக்கு அசலிலேயே வேறு பெண் கட்டினார்கள். இரண்டு பிள்ளைகள், இரண்டும் நன்றாகப் பேசின. பார்த்தாயா, குறை பொன்னாத்தாளுடையதுதான் என்று ஊர் முடிவு கட்டியது. அந்தப் பிள்ளைகள் மேல் எனக்கு வருத்தமில்லை.

டாக்டர் சொன்னதை அவர் இதுவரை யாரிடமும் சொல்லவில்லை.