தாடையின் இரண்டு பக்கம்

அம்மாரின் தாடை உடைந்த சத்தம் ஆட்டுச் சந்தையின் மறுகோடி வரை கேட்டது. ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முந்தின வாரம். ஸ்ஃபாக்ஸ் துறைமுக ஊரின் சந்தையில் அத்தனை ஆடும் ஒன்றாகக் கத்திக்கொண்டிருந்த நேரம். எல்லாம் ஒரு கணம் வாயை மூடிக்கொண்டன. வைக்கோல் விற்கிற நான் பக்கத்திலேயே நின்றேன், பொய் சொல்ல எனக்கென்ன தேவை? அம்மார் ஆட்டு வியாபாரி. நோஞ்சான் கடாவுக்கு உப்பைத் தின்னக்கொடுத்து, தண்ணீரைக் குடிக்கவைத்து, வயிறு உப்பவைத்து விற்றுவிட்டான். வீடு போய்ச் சேர்வதற்குள் அது மூத்திரம் பெய்து பெய்து பூனையளவுக்கு வந்துவிட்டது. வாங்கியவர்கள் மொங்கியும் அவன் மைத்துனன் நூரியும். திரும்பி வந்து ஆளுக்கொரு குத்து விட்டார்கள். இடது பக்கம் மொங்கி, வலது பக்கம் நூரி.

மொங்கி அங்கேயே பிடிபட்டான். நூரி ஓடிப்போய்ப் பிறகு அகப்பட்டான். அதனால் வழக்கு இரண்டானது, நீதிபதியும் இரண்டு பேர். மொங்கிக்கு வாய்த்தவர் நல்ல கறிச் சாப்பாட்டுக்குப் பின் வந்து உட்கார்ந்திருக்க வேண்டும். ‘இனிமேல் ஒழுங்காக இரு’ என்று தண்டனையை நிறுத்திவைத்து வீட்டுக்கு அனுப்பினார். நூரிக்கு வாய்த்தவர் மூன்று வருடம் போட்டார். சட்டப் புத்தகத்தில் வலது தாடைக்கு மதிப்பு அதிகம் போலிருக்கிறது.

உள்ளே போனபோது நூரி, கோழி அறுத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள். அறையிலிருந்த பழைய கைதிகள் முதல் வாரமே கட்டில் சட்டத்தில் அவன் வாயை மோதி முன்பற்களை எடுத்தார்கள். பிறகு, மத்தி மீன் டப்பாவின் மூடியைச் சுவரில் தேய்த்துக் கத்தியாக்கக் கற்றுக்கொண்டான். அதற்கும் பிறகு ஒருவன் காதைக் கடித்துத் துப்பினான். அந்தக் காது மூன்று நாள் தரையில் கிடந்து காவலர்கள் பேசுவதை ஒட்டுக்கேட்டது என்பார்கள். நான் நம்பவில்லை, இரண்டு நாள்தான் கேட்டிருக்கும். வாராவாரம் கூடையில் கூஸ்கூஸ் சோறு கொண்டுபோனவன் மொங்கி. “பெரியவரே, சோறு போட்டு வேற எவனையோ வளக்கறேன்,” என்றான் ஒருநாள் என்னிடம்.

நூரி வெளியே வந்தான். துறைமுகத்தில் வேலை கேட்டான், எண்ணெய்ச் செக்கில் கேட்டான். ஜெயிலுக்குப் போனவனை யார் சேர்ப்பார்கள்? உற்றுப் பார்த்ததற்காக ஒருவன் மூக்கை உடைத்தான். சிரித்ததற்காக இன்னொருவன் விரலை. அடிபட்டவர்கள் பயந்து வாய் திறக்கவில்லை.

மறுபடி பெருநாள் சந்தை கூடியது. மொங்கி என்னிடம் வைக்கோல் வாங்கிக்கொண்டிருந்தான். நூரி வந்து அவன் தோளில் கைபோட்டான்.

“மச்சான், நாம ரெண்டு பேரும் ஆளுக்கொரு குத்துதானே குத்தினோம்?”

“ஆமா.”

“அப்ப நீயும் மூணு வருஷம் இருந்துட்டு வா. அப்புறம் ஒண்ணா உக்காந்து சாப்பிடலாம்.”

மொங்கி சிரிக்கப் பார்த்தான். டப்பா மூடி அவன் கழுத்தில் வந்து உட்கார்ந்தது. ஒரு கோடு ரத்தம் சட்டைக்குள் இறங்கியது.

“சும்மா போனா உள்ள விடமாட்டானுங்க. அதோ அம்மாரு நிக்கிறான், போயி அடி. இல்லன்னா உன்ன இங்கயே அறுத்துப் போட்டுட்டு நானே திரும்பப் போறேன்.”

“உன் தங்கச்சி புருஷன்டா நான்!”

“அதான் கேக்கறேன். வேறெவன்கிட்டயாவது கேட்டனா?” பிறகு என் பக்கம் திரும்பினான். “பெரியவரே, நீங்கதான் சாட்சி. அடிக்கிறது இவன். நல்லாப் பாத்துக்குங்க.”

“இருப்பா, கண்ணாடி போட்டுக்கறேன்,” என்றேன்.

தாடை கோணிய நாளிலிருந்து அம்மார் மேற்கே பார்த்துப் பேசினால் வடக்கே நிற்பவனுக்குத்தான் கேட்கும். மொங்கி எதிரில் போய் நின்றதும், “கடா வேணுமா?” என்று வேறு யாரையோ கேட்டான். மொங்கி குத்தினான். அம்மார் விழுந்தான். அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் மொங்கி அவன் மார்பில் ஏறி உட்கார்ந்து, அழுதுகொண்டே, நிறுத்தாமல் குத்தினான். பல் தெறித்தது. கண் இரண்டும் வீங்கி மூடின. மிரண்ட ஆடுகள் கயிற்றை அறுத்துக்கொண்டு இருவர் மேலும் ஓடின.

நூரி மூடியை வீசிவிட்டு ஓடினான். “போதும்டா, செத்துருவான்! மூணு வருஷந்தானே சொன்னேன்!” மொங்கியைப் பிடித்து எறிந்துவிட்டு அம்மாரின் தலையைத் தூக்கி மடியில் வைத்தான். ரத்தம் தொண்டையில் அடைக்காமலிருக்க வாய்க்குள் விரலை விட்டு வழித்தான். போலீஸ்காரர்கள் வந்து பார்த்தது அதைத்தான்.

“வந்துட்டாருய்யா நம்ம விருந்தாளி,” என்றார் அதிகாரி, நூரியைப் பார்த்து. யார் அடித்தது என்று அம்மாரைக் கேட்டார். கண் திறக்க முடியாத அம்மார், காதில் கடைசியாக விழுந்த குரலை வைத்து, “நூரி,” என்றான்.

“நான்தான் அடிச்சேன்! கையப் பாருங்க!” மொங்கி தோலுரிந்த முட்டிகளை நீட்டினான்.

“மச்சானுக்காகப் பழியேத்துக்கிறியா? நல்ல மனுஷன்யா நீ. வீட்டுக்குப் போ.”

அடித்தது மொங்கிதான் என்று நானும் சொன்னேன். வாழ்நாளில் ஒரு சொல்கூடக் கூட்டாமல் நான் சொன்னது அது ஒன்றுதான்.

“உங்க கதைய பெருநாள் முடிஞ்சு கேக்கறேன் பெரியவரே. என் பிள்ளைங்களுக்கும் பிடிக்கும்,” என்றார்.

நூரி, யாரும் கேட்காமலே மணிக்கட்டுகளைச் சேர்த்து நீட்டினான். வேனின் கதவு தாழ்வானது. அண்ணாந்து பார்க்காமலே சரியான அளவுக்குத் தலையைத் தாழ்த்தி ஏறி, மூலையில் ஒடுங்கி உட்கார்ந்தான். பக்கத்தில் ஓர் ஆளுக்கு இடமிருந்தது.

மொங்கி போலீஸ்காரனை உதறிவிட்டுப் பாய்ந்து பின்னாலேயே ஏறினான். இரும்புச் சட்டம் நெற்றியில் மோதி ணங்கென்றது. பின்னால் விழுந்து, எழுந்து, ரத்தம் கண்ணை மறைக்க, கையால் துழாவிக்கொண்டு மறுபடி வந்தான்.

“குனிஞ்சு ஏறணும், மச்சான்,” என்றான் நூரி உள்ளிருந்து.

கதவைச் சாத்திவிட்டார்கள். வேன் ஆடுகளுக்கு நடுவே ஊர்ந்து போனது. மொங்கி குனிந்தபடியே நின்றான்.