மாற்று என்று ஒட்டியிருந்த பெட்டி

அந்த மருத்துவமனையின் கணினிப் பிரிவுத் தலைவிக்கு ஊழியர்கள் முதுகுக்குப் பின்னால் வைத்திருந்த பெயர் கொக்கி. யார் எதைச் சொன்னாலும் அதில் ஒரு கொக்கியைப் போட்டுத் தூக்கிப் பார்ப்பாள். பாராட்டினால், "என்ன வேணுமாம்?" என்பாள். வெண்ணெய் திரண்டு வரும்போதுகூடத் தாழியைத் தட்டிப் பார்க்கிற பெண்.

அவளுக்குக் கீழே வேலை செய்த துணைப் பொறியாளனுக்குப் பஞ்சு என்று பெயர். அவன் நடந்தால் ஓசை எழாது, பேசினாலும் அவ்வளவே. சில நாள்களாகக் கொக்கியின் கண் அவன்மேல்தான் இருந்தது. சாப்பாட்டு வேளையில் சர்வர் அறைக்குள் நழுவுகிறான். வெளியே வரும்போது சட்டைப் பையைக் கையால் மறைத்துக்கொள்கிறான். கேட்டால், "சும்மா ஒரு பார்வை, மேடம்" என்கிறான். சும்மா என்ற சொல்லுக்குள் ஒளிந்துகொள்ள முடியாத குற்றம் உலகில் இல்லை என்பது அவள் கருத்து. அவளுடைய நாற்காலிக்கு அடுத்தபடியாக வரக்கூடியவனும் அவனே.

இப்படியிருக்க, ஒரு முற்பகலில் மருத்துவமனையின் திரைகளெல்லாம் ஒருசேர உறைந்தன. முதல் அழைப்பு ரத்த வங்கியிலிருந்து வந்தது. அங்கே பொறுப்பில் இருந்தவள் கொக்கியின் நாத்தனார்.

"அண்ணி, ஸ்க்ரீன் செத்துப் போச்சு! தியேட்டர்ல ஒரு அம்மாவுக்கு ரத்தம் நிக்கல. எந்தப் பை அவங்களுக்குப் பொருத்தி வெச்சதுன்னு பாக்கவே முடியல."

"மறுபடி கையால பொருத்திப் பாக்க முடியாதா?"

"முடியும். அதுவரைக்கும் அவங்க தாங்கணுமே!"

சர்வர் அறையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. ஒன்று மருத்துவமனையின் எல்லா மென்பொருள்களையும் சுமப்பது. மற்றது, அதே பதிவுகளின் நகலை வைத்துக்கொண்டு காத்திருக்கும் மாற்று. முதலாவது விழுந்தால் மென்பொருள்களை மாற்றுக்கு ஏற்ற வேண்டும். ஆனால் அதற்கு முன், விழுந்த பெட்டியின் மின்கம்பியைப் பிடுங்கிவிட வேண்டும். குற்றுயிராகக் கிடந்து அதுவும் எழுதத் தொடங்கினால், யாருடைய ரத்தம் யாருக்கு என்பது குழம்பிப்போகும். ஓர் உறைக்குள் இரண்டு வாள் கூடாது.

கீழ்த்தளத்து சர்வர் அறையில் இருந்த பஞ்சுவை அவள் தொலைபேசியில் பிடித்தாள். "விழுந்ததைப் பிடுங்கியாச்சா?"

மறுமுனை சற்றே தயங்கியது. "ஆச்சு, மேடம்."

அந்தத் தயக்கம் அவளுக்கு முள்ளாகத் தைத்தது. "எதைப் பிடுங்கின?"

"விழுந்ததைத்தான், மேடம்."

"அதான் எதுன்னு கேக்கறேன்."

"நீங்களே வந்து பாத்துடுங்களேன்."

நேரான கேள்விக்கு வளைந்த பதில். அவள் படிகளில் இறங்கி ஓடினாள். சர்வர் அறையின் குளிர் முகத்தில் அறைந்தது. 'முதல்' என்று ஸ்டிக்கர் ஒட்டிய பெட்டி பச்சை விளக்கோடு மெல்ல முனகிக்கொண்டிருந்தது. 'மாற்று' என்று ஒட்டிய பெட்டி இருண்டு கிடந்தது. அதன் மின்கம்பி பஞ்சுவின் கையில் தொங்கியது.

கையும் களவுமாக!

"அடப்பாவி! நல்லா இருந்ததைப் பிடுங்கிட்டியே!"

"இல்ல மேடம், இதுலதான் சிவப்பு விளக்கு எரிஞ்சுது."

"எங்க அந்த விளக்கு?"

"பிடுங்கினதும் அணைஞ்சு போச்சு."

"ரொம்ப வசதியாப் போச்சு!" அவளுடைய கை 'முதல்' பெட்டியின் கம்பியைப் பற்றியது.

"ஐயோ, அதைத் தொடாதீங்க மேடம்! அதுதான் மாற்று. அதையும் பிடுங்கினா ரெண்டும் போயிடும்."

"கொட்டை எழுத்துல ஒட்டியிருக்கே, உனக்குக் கண் இல்லையா?"

"ஸ்டிக்கர் தப்பு, மேடம்."

"அது உனக்கு எப்படித் தெரியும்?"

தன்னிச்சையாகப் பஞ்சுவின் கை சட்டைப் பைக்குப் போனது. கொக்கி அதையும் பார்த்தாள். அப்போது தொலைபேசி மறுபடி அலறியது.

"அண்ணி, டாக்டர் கத்துறார்! இன்னும் என்ன பண்றீங்க?"

"இங்க எதை நம்புறதுன்னே தெரியலடி."

"அண்ணனைத்தான் நம்ப மாட்டீங்க, என்னைத்தான் நம்ப மாட்டீங்க. ஒரு நாளைக்காவது யாரையாவது நம்பித் தொலைங்களேன்!"

கொக்கி கம்பியிலிருந்து கையை எடுத்தாள், நம்பியதால் அல்ல. பக்கத்து மேசையிலிருந்த விசைப்பலகையை இழுத்து, ஓடிக்கொண்டிருந்த பெட்டியிடமே அதன் பெயரைக் கேட்டாள். பெட்டிகளுக்குள் பெயரைப் பதித்தவள் அவள். அதை மாற்றும் கடவுச்சொல் அவளைத் தவிர எவரிடமும் இல்லை.

திரையில் விடை வந்தது: மாற்று.

எழுத்தெழுத்தாகப் படித்தாள். பிறகு மென்பொருள்களை ஏற்றத் தொடங்கினாள், ரத்த வங்கியினுடையதை எல்லாவற்றுக்கும் முன்னால்.

"வந்துடுச்சு, அண்ணி!"

"பையோட எண்ணைப் படி. சரி. இன்னொரு தரம் படி."

"படிச்சாச்சு, ஆள் தியேட்டருக்கு ஓடியாச்சு!"

அந்த அம்மாவுக்கு ரத்தப்போக்கு நின்றது என்ற செய்தி வரும்வரை இருவரும் அந்தக் குளிரிலேயே நின்றார்கள். வந்தபின் கொக்கி திரும்பினாள். "இப்ப சொல்லு. உனக்கு எப்படித் தெரியும்?"

பஞ்சு சட்டைப் பையிலிருந்து ஒரு பிஸ்கட் பொட்டலத்தை எடுத்து மேசைமேல் வைத்தான். "தினம் மத்தியானம் இங்கதான், மேடம். ஏசி காத்துல ரெண்டு பிஸ்கட், ஒரு குட்டித் தூக்கம். எப்பவும் நான் பிடுங்கின பெட்டிதான் இரையும், இது சாது. இரையறதுதானே வேலை செய்யறது? ஸ்டிக்கரை நான் இன்னிக்குத்தான் படிச்சேன்."

"இதை ஃபோன்லயே சொல்லித் தொலைக்கிறதுக்கென்ன?"

"சொல்லியிருந்தா நம்பியிருப்பீங்களா?"

அவள் சீறினாள். "எந்த மடையன் இதை மாத்தி ஒட்டினான்?"

பஞ்சு ஸ்டிக்கரையே பார்த்தான். அவளும் பார்த்தாள். அளவுகோல் வைத்தாற்போல் நேரான விளிம்பு. ஒரு மூலைகூடத் தூக்கவில்லை. சென்ற வாரம், பழைய ஸ்டிக்கர்கள் கோணலாக இருக்கின்றன என்று இரண்டையும் கிழித்தெறிந்துவிட்டுப் புதியவற்றை ஒட்டியது யாருடைய கை என்பதை அவளுக்கு எவரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"ஒட்டினவங்க ரொம்ப நேரா ஒட்டியிருக்காங்க, மேடம்," என்றான் பஞ்சு, பஞ்சைப்போலவே.

அவள் நகத்தால் சுரண்டி இரண்டையும் உரித்தாள். 'மாற்று' என்பதை அவனிடம் நீட்டினாள். "நீயே ஒட்டு."

ஒட்டினான். கோணல். அவளுடைய விரல்கள் துடித்தன.

"இப்படியே இருக்கட்டுமா, மேடம்?"

"கோணல் கிடக்கட்டும். பெட்டி சரிதானே?"

"சரிதான், மேடம்."

"எதுக்கும் நான் ஒரு தரம் பாத்துடறேன்," என்று கொக்கி விசைப்பலகையைத் தன் பக்கம் இழுத்தாள்.