முழங்கால் அளவு

முழங்கால்தான், சத்தியமாக முழங்கால்தான், காலையில் தானே நின்று பார்த்துத்தானே போனில், ஊர் வெள்ள வரைபடத்தில் மஞ்சள் புள்ளி வைத்தாள் முர்னியாதி, பிறகெப்படி அந்தத் தண்ணீர் லிஸ்தியின் கழுத்துக்கு வந்தது... தங்கை இதோ தரையில் சுருண்டு உட்கார்ந்திருக்கிறாள், முடியிலிருந்து சேறு ஒழுகுகிறது, மடியில் பிள்ளை பயூ இருமி இருமி உப்புத் தண்ணீரைக் கக்குகிறான், அந்தப் பக்கம் வந்த படகுக்காரர் மட்டும் கை நீட்டியிருக்காவிட்டால்... ஐயோ, நினைக்கவே முடியவில்லை. "முனையில நடக்கப் போட்ட பலகைய தண்ணி அடிச்சிட்டுப் போயிருந்துச்சு, சரி, முழங்கால்தானேன்னு உன் புள்ளிய நம்பி இறங்கினேன்க்கா! மூணாவது எட்டுல தரையே இல்ல!" கல்யாணமாகி ஸமாராங் போன பிறகு இன்றைக்குத்தான் வருகிறாள், வந்த அழகு இது.

பொய் சொல்லவில்லையே... டெமாக் கடற்கரையில் ஓதம் ஏறி ஊருக்குள் தண்ணீர் வரும் நாளெல்லாம் மூன்று வருடமாகத் தவறாமல் பதிகிறவள், ஊரே அந்த வெள்ள வரைபடத்தைப் பார்த்துத்தான் வெளியே கிளம்புகிறது, எதிர்வீட்டு பாரியெம் உட்பட ஐந்து பேர் இன்றைக்கும் 'சரி' போட்டிருக்கிறார்கள், ஆறு பேருக்குமா கண் அவிந்துவிட்டது? எங்கே நின்று பார்த்தாள்... படியில். வாசலின் கடைசிப் படியில். நிலம் அமிழ அமிழ லாரி லாரியாக மண்ணடித்து, உத்தரம் தலையில் இடிக்கிறவரைக்கும் இரண்டு தடவை தரையை உயர்த்திய வீட்டின் படியில்... தெரு மட்டும் கீழேயே கிடந்தது, வீட்டுக்கு வீடு பலகை போட்டு நடக்கிறவர்களுக்குத் தெரு எதற்கு? வாசலுக்கு ஓடினாள்.

"பாரியெம் அக்கா, நீங்க எங்க நின்னு அளக்குறீங்க?"

"இதென்ன கேள்வி, எங்க வீட்டுப் படியிலதான். பின்ன, தண்ணிக்குள்ள குதிச்சா அளப்பாங்க?"

தெருமுனையில் இரண்டு பெண்கள் போனைப் பார்த்தபடி செருப்பைக் கழற்றுகிறார்கள். "இறங்காதீங்க!" என்று கத்தினாள், காற்றில் கேட்டதோ என்னவோ, அவசரமாக மஞ்சளை அழித்துச் சிவப்பை அழுத்தினாள், கழுத்தளவு. உங்கள் பதிவு அக்கம்பக்கத்து ஐந்து பதிவுகளோடு பொருந்தவில்லை, உறுதிதானா என்று கேட்டது போன். உறுதியா... தெருவில் கால் வைத்தே மூன்று வருடமாகிறதே, அவளுக்கென்ன தெரியும்? தூணைப் பிடித்துக்கொண்டு கடைசிப் படியிலிருந்து ஒரு காலைக் கீழே விட்டாள், தொடை மறைந்தது, இடுப்பு நனைந்தது, கால்விரல் இன்னும் தரையைத் தேடிக்கொண்டிருந்தது.