இங்கே பாரு, நீலா

நீலாவதிக்கு அன்று இருந்தது ஒரே ஒரு வேலை. கையை ஒடித்தது யார் என்று கோர்ட்டில் வாய் திறந்து சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பெஹாலா வீட்டுக்குள் புருஷன் கிரிதர் மறுபடியும் வந்து உட்கார்ந்துவிடுவான்.

“தாய்மொழியில சொன்னா தடையில்லாம வரும்” என்று அவளுடைய வக்கீல் அனிந்திதா சொல்லப்போக, தமிழிலேயே சாட்சி சொல்கிறேன் என்று அவளும் கேட்டுவிட்டாள். நல்ல மனசோடு செய்த தப்பு, பாவம். அதை கோர்ட்டுக்கு வங்காளத்தில் மொழிபெயர்க்க, துறைமுகத்தில் ஆபீசராக இருந்து ரிடையர் ஆன பட்டாபிராமன் மாமா வந்திருந்தார்.

கிரிதரோ தன் வக்கீலை வேண்டாமென்று அனுப்பிவிட்டு, “நானே விசாரிச்சுக்கறேன்” என்று எழுந்து நின்றான்.

“இங்கே பாரு, நீலா.” காய்கறி என்ன வாங்கணும் என்று கேட்கிற மாதிரிக் குரல். “பாத்ரூம்ல நீயேதானே வழுக்கி விழுந்தே?”

மாமா ஒரு சொல் விடாமல் வங்காளத்தில் சொன்னார். அதில் யாருக்கு என்ன தெரியும்? வீட்டில் அந்த ‘இங்கே பாரு’வுக்கு அடுத்து அடிதான் விழும். ஒவ்வொரு தரமும். நீலாவதியின் தலை தானாகக் குனிந்தது. முகத்தை மறைக்கக் கை எழும்பிப் பாதியில் நின்றது.

“என்ன, வாய் அடைச்சுப்போச்சா?”

மாஜிஸ்திரேட் அம்மாள் அந்தக் கையையே பார்த்தாள். பேனாவைக் கீழே வைத்தாள்.

நீலாவதி வங்காளத்தில் பேசினாள். லேக் மார்க்கெட்டில் கத்தரிக்காய்க்குப் பேரம் பேசியே வந்த வங்காளம். அந்த பாஷையில் அவளை யாரும் அடித்ததில்லை.

“மேடம், இவர் கேட்டா எனக்குப் பேச்சு வராது. நீங்க கேளுங்க. வங்காளத்துலயே கேளுங்க.”

“எனக்கு உரிமை இருக்கு!” என்றான் கிரிதர்.

“இருக்கு. கேள்வியை என்கிட்ட சொல்லுங்க, கேட்கத் தகுந்ததை நான் கேட்கிறேன்” என்ற மாஜிஸ்திரேட், சுவரோரத்து ஃபைல் பீரோவைக் காட்டினாள். “அதுக்குப் பின்னாடி இவருக்கு ஒரு நாற்காலி போடுங்க, அந்தம்மா கண்ணுல படாம.”

“அப்ப நான் ஆத்துக்குப் போகலாமா?” என்றார் மாமா. யாரும் சிரிக்கவில்லை.

பீரோவுக்குப் பின்னாலிருந்து கிரிதரின் முணுமுணுப்பு வந்தது. மாஜிஸ்திரேட் கேட்டாள்: “சொல்லும்மா, வழுக்கி விழுந்தியா?”

“இல்லை.” நீலாவதி தலையை நிமிர்த்தினாள். “கையை முறுக்கினார். கதவு நிலையில வெச்சு முறுக்கினார்.”

பீரோவுக்கு வெளியே இரண்டு ஷூ நுனிகள் மட்டும் தெரிந்தன, பொறுமையில்லாமல் ஆடிக்கொண்டு. அவற்றைப் பார்த்தபடியே மீதியையும் சொல்லி முடித்தாள்.