பதினேழாம் நம்பர் குப்பி

உள்ளங்கைக்குள் அந்தப் பிளாஸ்டிக் குப்பி வெதுவெதுப்பாக இருக்கிறது, வெளியே பனி முழங்கால் உயரத்துக்குக் கிடக்கிறது, குப்பியின் மேல் பதினேழு என்று என் கையெழுத்து, சூடு இருக்கிறதா என்று தொட்டுப் பார்ப்பதுதான் என் வேலை, சூடு இருந்தால் அப்போதே பிடித்த மூத்திரம், ஆறிப்போயிருந்தால் எவனோ ஒளித்துக் கொண்டுவந்தது, இந்த உபாயத்தை எங்கள் டாக்டர் கேப்டன் அம்மாளுக்குச் சொல்லிக்கொடுத்ததே நான்தான், பட்டாளத்து மருத்துவப் பிரிவில் பன்னிரண்டு வருஷம் ஊசி போட்டவன், என்னை எவனும் ஏமாற்ற முடியாது என்று பேர் வாங்கியவன், வேலியே பயிரை மேயும் என்று அந்த அம்மாளுக்கு எப்படித் தெரியும். இல்லை, பனி இல்லை, இது சித்திரை வெயில், முன்னாள் படைவீரர்களுக்கான ஆஸ்பத்திரி, சர்க்கரை பார்க்க வந்திருக்கிறேன், ஒரு பெண் குப்பியைக் கையில் கொடுத்து அந்தப் பக்கம் பாத்ரூம் சார் என்றாள், பிடித்துக்கொண்டு வெளியே வந்தேன், அவ்வளவுதான், இருபத்தாறு வருஷத்தைத் தாண்டி நான் வேலை பார்த்த அந்தப் பனிமலை வந்து எதிரே நிற்கிறது.

தணிகாசலம் அந்த மலையில் லாரி ஓட்டினான், ஆரணிப் பக்கத்திலிருந்து ஒரே ரயிலில் போய் ஒரே நாளில் சேர்ந்தவர்கள் நாங்கள், ஒரு பீடியை இரண்டாக்கிக் குடித்தவர்கள், டயருக்குச் சங்கிலி மாட்டும்போது வழுக்கி விழுந்து அவன் இடுப்பு பிசகியது, டாக்டர் எழுதிய ஏழு நாள் வலி மாத்திரையை அவன் கையில் எண்ணி வைத்ததும் நான்தான், எட்டாம் நாள் கேட்டான், இல்லை என்றேன், அடிவாரத்து ஊரில் ஒரு கடையில் அவனே வாங்க ஆரம்பித்தான், ஆறு மாதத்தில் வலி போய்விட்டது, மாத்திரை போகவில்லை. ஒரு மத்தியானம் எதிரே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருக்கிறான், சப்பாத்தியைப் பிய்த்துப் பருப்பில் தோய்த்து வாய்க்குக் கொண்டுபோகிறான், கை பாதி வழியில் நிற்கிறது, கண் மூடியிருக்கிறது, பருப்பு சொட்டுச் சொட்டாகத் தட்டில் விழுகிறது, தணிகா என்றேன், இன்னா மச்சான் என்று ஒன்றும் நடக்காதவன் போல மென்றான். நான் அதைப் பார்த்தேன், நான் மட்டும்தான் பார்த்தேன்.

மறுவாரம் பரேடில் கேப்டன் உத்தரவைப் படித்தார், போதைக்கு ஆளானவன் வண்டியையும் தொடக்கூடாது துப்பாக்கியையும் தொடக்கூடாது, மூத்திரச் சோதனைக்கு முன்னால் தானாக வந்து சொல்பவனுக்குச் சிகிச்சை, சோதனையில் பிடிபடுபவனுக்கு விசாரணை, அப்புறம் வீடு, படித்து முடித்துக் காகிதத்தை மடித்துவிட்டு, ஓட்டுகிறவன் தூங்கினால் சாவது அவன் மட்டுமில்லை என்றார், அது காகிதத்தில் இல்லாத வாக்கியம். போய்ச் சொல்லிடு தணிகா, ஆஸ்பத்திரியில வெச்சு சரி பண்ணிடுவாங்க என்று கெஞ்சினேன், இன்னா மச்சான் பேசற, போதைக்காரன்னு பேரு கட்டிடுவானுங்க, எங்கப்பா பட்டாளத்துல சுபேதாரா இருந்தவரு, எந்த மூஞ்ச வெச்சுக்கினு நான் ஊருக்குப் போவேன், இந்த ஒரு வாட்டி உன்னுத குடுத்துடு, அப்பறம் நானே வுட்டுடறேன், அஞ்சலாட்சி மேல சத்தியம், என்று பொண்டாட்டி பேரைச் சொல்லி என் கையைப் பிடித்தான், அவன் கை நடுங்கியது, நான் அந்த நடுக்கத்துக்கு இரங்கினேன், அதே நடுக்கம்தான் ஸ்டியரிங்கையும் பிடிக்கப்போகிறது என்று நினைக்கவில்லை, நினைத்தேன், நினைத்துக்கொண்டேதான் பதினேழு என்று எழுதிய அவன் குப்பியை எடுத்துக்கொண்டு தடுப்புக்குப் பின்னால் போனேன். கேப்டன் குப்பியைத் தொட்டுப் பார்த்தார், சூடாக இருந்தது, இது அவனுடையதுதானே, கண்ணால் பார்த்தாயா என்றார், பார்த்தேன் மேடம், அவனுதுதான் என்றேன்.

பதினேழாம் நம்பர் சுத்தம் என்று தாள் வந்தது, அன்றைக்குத் தன் பங்குப் பாயசத்தையும் என் தட்டில் ஊற்றினான், நான் குடித்தேன், இனித்தது, நாலாம் நாள் நல்ல வெயில், ரோட்டில் பனியே இல்லை, மண்ணெண்ணெய் ஏற்றிப் போன வண்டி ஒன்பதாவது வளைவில் திரும்பவில்லை, பிரேக் விளக்கே எரியல, ரோடு நேரா போற மாதிரி போய்ட்டான் என்று பின்னால் வந்த வண்டிக்காரன் சொன்னான், தணிகாவோடு இன்னும் இரண்டு பேர் செத்தார்கள், ஒருவன் கடப்பாக்காரன், இன்னொருவன் பீகாரி, அவனுக்கு அந்த மாதம்தான் பெண் குழந்தை பிறந்திருந்தது, பெயர் வைக்க லீவு கேட்டு எழுதிக் கொடுத்திருந்தான். விசாரணையில் டிரைவர் உடல்நிலை எப்படி என்று கேட்டார்கள், சுத்தம் என்று வந்த என் தாளையே எடுத்துக் காட்டினார்கள், பாதை மோசம் என்று எழுதி முடித்தார்கள். கொடி போர்த்திய பெட்டியோடு ஊருக்கு நான்தான் வந்தேன், சுபேதார் நிமிர்ந்து நின்று சல்யூட் அடித்தார், அஞ்சலாட்சி என் காலடியில் உட்கார்ந்துகொண்டு, அண்ணா, இடுப்பு வலி இடுப்பு வலின்னு கடுதாசில எழுதிக்கினே இருந்தாரே, நீங்க கூட கீறீங்கன்னுதான் நான் தெகிரியமா இருந்தேன், நீங்க பாத்துக்கினீங்க இல்ல என்றாள், பாத்துக்கினேம்மா என்றேன். உண்மையைச் சொன்னால் அந்தக் கொடியைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்று அவளுக்காக வாயை மூடிக்கொண்டதாக இத்தனை வருஷமும் எனக்கே சொல்லிக்கொண்டேன், பொய், எனக்காகத்தான் மூடினேன், அந்தப் பீகாரியின் பெண்ணுக்கு இப்போது இருபத்தாறு வயது, என்ன பெயர் வைத்தார்களோ.

சார், எவ்ளோ நேரம், குடுங்க என்று கை நீட்டுகிறாள் இந்தப் பெண், ஏறக்குறைய அதே வயது, கையுறை போட்டிருக்கிறாள், சூட்டையெல்லாம் பார்ப்பதில்லை, மேசை மேல் ஏழெட்டுக் குப்பிகள் வரிசையாக இருக்கின்றன, ஒட்டுவதற்குச் சீட்டை எடுத்தவள் குழம்பிப்போய், இது உங்களுதுதானே சார் என்று கேட்கிறாள், ஆமாம்மா, என்னுதுதான் என்கிறேன், அதுவும் என்னுதுதாம்மா, பதினேழாம் நம்பரு, அவனுது இல்ல, என்னுது என்கிறேன், உங்களுக்கு நம்பர் நாலு சார், உக்காருங்க, தண்ணி குடிக்கிறீங்களா என்கிறாள், நான் நின்றுகொண்டே இருக்கிறேன், குப்பி அவள் கைக்குப் போய்விட்டது, உள்ளங்கை மட்டும் இன்னும் சுடுகிறது.