கை தம்ளருக்குப் போன இடம்

நான் சொல்வதெல்லாம் நடந்தபடியே இருக்கும் என்று உறுதி தர முடியாது. அன்று அறையில் ஆளுக்கொரு நாற்காலி இருந்ததாக எனக்கு நினைவு. ஒருவர் நின்றுகொண்டேதான் பார்த்தார் என்கிறாள் அக்கா. மழை பெய்ததாகவும் ஒரு நினைவு. அத்தான் சிரிக்கிறார். "கீழ டயர் கடையில வண்டி கழுவுன சத்தம்டா அது." இருக்கலாம். ஆனால் படத்தில் அந்த டாக்டர் கண்ணாடியைக் கழற்றியதும் என்ன வந்தது என்பதில் எங்கள் யாருக்கும் சந்தேகம் கிடையாது. பிஸ்கட் வந்தது.

டயர் கடைக்கு மேலே, எப்போதும் ரப்பர் வாசனை அடிக்கும் ஒரே அறையில் அக்கா 'கூடம்' என்ற சேவையைத் தொடங்கியிருந்தாள். போனிலோ டிவியிலோ திறந்தால் படம் ஓடும். சந்தா கிடையாது, கடவுச்சொல் கிடையாது. நடுவே விளம்பரம் வரும். அதைப் பார்ப்பதுதான் கட்டணம். அதற்கு முன்பு அவள் சந்தா கட்டிப் பார்க்கும் ஒரு சேவையில் போன் எடுக்கும் வேலையில் இருந்தாள். 'எனக்கு வேண்டாம், நிறுத்திடுங்க' என்று கூப்பிடுபவர்கள் கோபமாகப் பேசுவதில்லையாம், கூச்சத்தோடு பேசுவார்களாம். அந்தக் கூச்சத்தைக் கேட்டுக் கேட்டே ஒருநாள் காதிலிருந்த ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

கணினி வேலையெல்லாம் அத்தானுடையது. விளம்பரம் பிடித்து வரும் பெண்ணுக்கு நாங்கள் வைத்த பெயர் ரேடியோ. நிறுத்தும் பொத்தான் இல்லாத ரேடியோ. நான் படங்களுக்கு இரண்டு வரிக் கதைச் சுருக்கம் எழுதுவேன், மற்ற நேரம் மூலையில் புத்தகம் படிப்பேன். "உன் தம்பி இருக்கானா, கிளம்பிட்டானா?" என்று ரேடியோ அக்காவிடம் கேட்பாள், நான் எதிரிலேயே உட்கார்ந்திருக்கும்போது.

புதுப் படங்களை எங்களுக்கு யார் கொடுப்பார்கள்? ஒரே ஒருவர்தான் கொடுத்தார், அதுவும் பழைய படங்களை. வயதான தயாரிப்பாளர், படக்காரர் என்போம். அவருடைய கறுப்பு வெள்ளைப் படங்களைப் பெரிய சேவைகள் எல்லாம் வேண்டாம் என்று சொல்லியிருந்தன.

"ஒரு வருஷம் போட்டுப் பாரும்மா," என்றார் அக்காவிடம். "ஜனங்க உக்காந்து பாத்தா, மிச்சப் படத்தையும் தர்றேன். எழுந்து போனா எல்லாத்தையும் எடுத்துக்குவேன். ஆளில்லாத வீட்டுல என் படம் ஓட வேண்டாம்."

எழுந்து போனார்கள். பார்ப்பவர்களின் கணக்கைக் காட்டும் கோடு முதல் விளம்பரம் வரை மேசைபோல் சமமாகப் போகும். அதற்கப்புறம் மேசையின் விளிம்பு. விளம்பரத்தைச் சுருக்கினோம், குறைத்தோம். விளிம்பு நகரவில்லை.

"ஓசிப் படத்துக்கு என்ன ரோஷம் பாரு," என்றார் அத்தான்.

"நான் கல்லுல நார் உரிச்சு விளம்பரம் கொண்டு வர்றேன்," என்றாள் ரேடியோ. "அதப் பாக்க ஆளு பிடிக்கிறதும் நானேவா, அத்தான்?" அவருக்கு அவள் எந்த உறவும் இல்லை. எங்களைப் பார்த்து அவளும் அப்படியே கூப்பிடப் பழகிவிட்டாள்.

படங்கள் போனால் கூடம் இல்லை. கூடம் இல்லையென்றால் அக்காவுக்கு மறுபடி அந்த ஹெட்போன். பழைய அலுவலகத்தில் அவளுடைய நாற்காலி இன்னும் காலியாக இருப்பதாகச் செய்தி வந்திருந்தது. அந்தச் செய்தி வந்த நாளிலிருந்து அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

வருஷம் முடியச் சில வாரங்கள் இருக்கும்போது படக்காரர் படியேறி வந்தார். கணக்குக் கோட்டைக் காட்டினோம். அவர் பார்க்கவில்லை. "படத்தப் போடுங்க. வீட்டுல உக்காந்து பாக்கிறவன் மாதிரி நானும் பாக்கறேன்."

அவருடைய படங்களிலேயே பேர்போன ஒன்றைப் போட்டோம். ஒருத்தி ஆஸ்பத்திரி நடையில் காத்திருக்கிறாள். உள்ளே கணவனுக்கு அறுவை சிகிச்சை. கதவு திறக்கிறது. டாக்டர் வருகிறார். கண்ணாடியைக் கழற்றுகிறார். அவளைப் பார்க்கிறார். இசை இல்லை, பேச்சு இல்லை. வாயைத் திறக்கிறார்.

நான்கு குழந்தைகள் துள்ளிக் குதித்து, மொறுமொறுப்பு, மொறுமொறுப்பு என்று பாடின.

படக்காரர் பிஸ்கட் தீரும்வரை பொறுமையாக இருந்தார். பிறகு, "இந்த இடத்த யாருப்பா தேர்ந்தெடுத்தது?" என்றார்.

"ப்ரோக்ராம் சார்," என்றார் அத்தான். "பேச்சு நடுவுல, பாட்டு நடுவுல வெட்டக் கூடாதுல்ல? அதான் சத்தமே இல்லாத இடமாப் பாத்துக் கண்டுபிடிக்கிற மாதிரி எழுதினேன்."

"நீங்க யாரும் பாக்கலயா?"

பார்த்தோம். விளம்பரம் வருகிறதா என்று, ஒலியை நிறுத்திவிட்டு, அந்த இடத்துக்குத் தாவிப் பார்த்து, வருகிறது என்று குறித்துக்கொண்டு அடுத்த படத்துக்குப் போனோம். எங்கள் சேவையில் எங்கள் படத்தை முதலிலிருந்து கடைசிவரை உட்கார்ந்து பார்த்தவர் எங்களில் ஒருவரும் இல்லை. எல்லாப் படங்களிலும், மூச்சுப் பிடித்துக் காத்திருக்கும் இடமாகத் தேடித் தேடி விளம்பரத்தைச் செருகியிருந்தோம்.

"தியேட்டர்ல அந்த இடத்துல கைக்குழந்தை அழுதாக்கூட வாயப் பொத்துவாங்க," என்றார் அவர். எழுந்தார். "வருஷம் இன்னும் முடியல. முடியட்டும், வர்றேன்."

அவர் போனபின் அக்காதான் எழுந்து அதே படத்தை விளம்பரம் இல்லாமல் மறுபடி ஓடவிட்டாள். டாக்டர் வந்தார், கண்ணாடியைக் கழற்றினார், சொல்ல வந்ததைச் சொன்னார். அந்தப் பெண் நடந்து வெளியே வந்து பேருந்தில் ஏறி, சன்னலோரம் உட்கார்ந்தாள். பேருந்து கிளம்பியது.

நான் தம்ளரை எடுத்துத் தண்ணீர் குடித்தேன். அத்தான் முதுகை நெளித்தார். ரேடியோ, "பாவம், அந்தப் புடவையோடவே ஊருக்குப் போறா பாரு," என்று ஆரம்பித்தாள்.

அக்கா படத்தை நிறுத்திவிட்டு எங்கள் மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இங்க," என்றாள். "விளம்பரம் இங்க வரணும்."

அன்றிலிருந்து எங்கள் வேலை முறை அதுதான். ஒவ்வொருவர் பக்கத்திலும் ஒரு தம்ளர் தண்ணீர். படத்தை ஒலியோடு, முதலிலிருந்து பார்க்க வேண்டும். வேண்டுமென்றே குடிக்கக் கூடாது. கை தானாகத் தம்ளருக்குப் போகும் இடத்தில் பொத்தானை அழுத்த வேண்டும். ரேடியோவுக்குத் தம்ளர் தேவைப்படவில்லை. அவள் பேச ஆரம்பிக்கும் இடத்தை நாங்கள் குறித்துக்கொண்டோம்.

"அப்ப என் வாய்க்கும் ஒரு மரியாத வந்துடுச்சு," என்றாள்.

"உன் வாய் எங்க மூடுதோ அதையும் குறிச்சு வெச்சிருக்கேன்," என்றார் அத்தான். "அங்க மறந்தும் விளம்பரம் வராது."

தன் ப்ரோக்ராமை அவரே நீக்கினார். எழுதும்போது எடுத்துக்கொண்ட நேரத்தைவிட அழிக்கும்போது அதிக நேரம் அதன்முன் உட்கார்ந்திருந்தார். எல்லாப் படங்களையும் பார்த்து முடித்தபோது எனக்குக் குரலே மாறியிருந்தது என்கிறாள் அக்கா. பேசாமலே எப்படி மாறும் என்று கேட்டேன். அதுதான் மாற்றம், முன்பு இதையும் கேட்டிருக்கமாட்டாய் என்றாள்.

ஒரு விடுமுறை நாள் பிற்பகலில் அந்த ஆஸ்பத்திரிப் படத்தைப் புதிய இடைவேளைகளோடு போட்டோம். படக்காரரையும் அழைத்திருந்தாள் அக்கா. சுவரிலிருந்த திரையில் ஒரு பக்கம் படம், மறுபக்கம் கோடு. டாக்டர் கண்ணாடியைக் கழற்றினார். கோடு அசையவில்லை. அவர் பேசினார். அவள் நடந்தாள், பேருந்தில் ஏறினாள். பேருந்து கிளம்பியது.

மொறுமொறுப்பு, மொறுமொறுப்பு.

கோடு லேசாகக் குனிந்தது. அக்கா என் தோளைப் பிடித்த இடம் அப்புறம் வலித்தது. விளம்பரம் முடிந்தது. குனிந்த கோடு நிமிர்ந்தது. நிமிர்ந்து, முன்பிருந்ததற்கும் மேலே ஏறியது. தண்ணீர் குடிக்கப் போனவர்கள் திரும்பும்போது வீட்டிலிருந்த இன்னொருவரையும் கூட்டிக்கொண்டு வந்ததுபோல.

படம் முடிந்ததும் படக்காரர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்தார். "அந்த டாக்டர் கடைசியில என்ன சொன்னாருன்னு இவ்வளவு பேருக்குத் தெரிஞ்சு போச்சும்மா," என்றார். மிச்சப் படங்களின் பெட்டிகளை ஏற்றி வந்த வண்டி ஏற்கெனவே டயர் கடை வாசலில் நின்றுகொண்டிருந்தது. அதை அவர் எப்போது வரச் சொன்னார் என்று எனக்கு இன்றும் தெரியாது.

அதன்பின் நடந்தது வெள்ளம். முடிதிருத்தும் கடைகளில், விடுதிகளில், ஆஸ்பத்திரிக் காத்திருப்பு அறைகளில் கூடம் ஓடியது. கூட்டம் தாங்காமல் சர்வர் விழ, அத்தான் திட்டிக்கொண்டே சிரித்தார். கெட்டதிலும் இப்படியொரு நல்லது வருமா என்று. விளம்பரம் கேட்டுப் போவதை நிறுத்திய ரேடியோ, இடம் கேட்டு வருபவர்களைப் படிக்கட்டில் வரிசையில் உட்கார வைத்தாள். அக்காவின் பழைய மேலாளர் ஒருநாள் கூப்பிட்டார்: ஜனங்கள் விளம்பரத்துக்கு எழுந்து போகாத சூட்சுமம் என்னவென்று. அதே கூச்சக் குரல்.

"தண்ணி வெச்சுக்கிட்டுப் படம் பாருங்க சார்," என்றாள் அக்கா. "முழுசாப் பாருங்க."

இப்போது டயர் கடைக் கட்டடம் முழுவதும் கூடம்தான். டயர் கடை எதிர்ப்புறம் இதைவிடப் பெரிய இடத்துக்குப் போய்விட்டது. அக்கா அதே அறையில் உட்காருகிறாள். அத்தான் சர்வர்கள் இருக்கும் குளிர் அறையைப் பார்த்துக்கொள்கிறார், எப்போதும் ஸ்வெட்டரோடு. ரேடியோ வேறொரு நகரத்தில் எங்கள் கிளையை நடத்துகிறாள், தினமும் போனில் வருகிறாள். படக்காரர் போன வருஷம் இறந்தார். அவர் படங்கள் ஓடுகின்றன. நான் இரண்டாவது மாடியில் இருக்கிறேன். அங்கே நிறையப் பேர், ஆளுக்கொரு தம்ளர் வைத்துக்கொண்டு, பேசாமல் படம் பார்க்கிறோம்.