சிவப்புக் காலுறை

ஜூலை நாலாம் தேதி, அமெரிக்கச் சுதந்திர தினம்; காலையில் சுரங்க ஊரில் பேஸ்பால் ஆட்டம். இரண்டாம் பேஸை நோக்கிச் சறுக்கி விழுந்த ரீஸின் முழங்காலுக்குக் கீழே எதிரணிக்காரனின் ஷூ ஆணி ஆழமாக இறங்கியது. அவன் எழுந்து மண்ணைத் தட்டிவிட்டுச் சிரித்தான். மனைவி நெஸ்டா தன் கையால் பின்னிச் சாயம் தோய்த்த காலுறை நல்ல சிவப்பு. அதனால் ரத்தம் யாருக்கும் தெரியவில்லை.

மத்தியானம் மேப்பிள் மரத்தடியில் பன்றிக்கறியும் ரொட்டியும் எடுத்து வைத்தாள். ஈக்கள் அவன் காலையே சுற்றின.

"என்ன ரீஸ், சாக்ஸ் இப்படி நனைஞ்சிருக்கு?"

"வேர்வைல உன் சாயம் ஒழுகுது. ஊரே சிரிக்கப் போகுது, போ!"

"நல்லா அலசித்தானே போட்டேன்? கழட்டு, பாப்போம்."

"கழட்டினா நீ திரும்பப் போட விடமாட்டே." அவன் குரல் இறங்கியது. "காலைல ஆட்டம் பாத்தாரே தொப்பிக்காரரு, அவரு பெரிய டீமுக்கு ஆள் எடுக்கிறவரு. சாயங்காலம் ஓட்டப் பந்தயத்துல நான் ஜெயிச்சா திங்கக்கிழமை ரயில்ல கூட்டிட்டுப் போறேன்னாரு. எங்கப்பா மாதிரி கரிச் சுரங்கத்துல இருமி இருமிச் சாக வேண்டாம், நெஸ்டா."

மாமனார் கரியாகத் துப்பிய துணிகளைத் துவைத்தவள் அவள். காலுறையை மேலே இழுத்துவிட்டாள்.

பந்தயக் கோட்டருகே அவன் ஒரு காலில் பாரம் போட்டு நின்றதைப் பார்த்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் கத்தினார்கள். "டேய் கொக்கு! ஓடும்போதாவது ரெண்டு காலையும் ஊணுடா!"

ரீஸ் ஊன்றினான். நெஞ்சளவு வித்தியாசத்தில் ஜெயித்தான். தொப்பிக்காரர் கைகுலுக்கினார்.

இரண்டு நாளில் காய்ச்சல் கண்டது. கால் தொடை வரை வீங்கிக் கருத்தது.

"துணிச்சாயம் புண்ணுல எறங்கியிருக்கு. யாரு தோய்ச்சது?" என்றார் டாக்டர்.

"சாயமில்ல டாக்டர், ஆணிதான்," என்று முந்திக்கொண்டான் ரீஸ். "திங்கக்கிழமைக்குள்ள எழுப்பி விட்டுடுங்க. காலை மட்டும் வெட்டிடாதீங்க."

சாயங்காலம் அவனுக்கு நினைவு தப்பியது. டாக்டர் அவளைப் பார்த்தார். "காலை எடுத்தா பிழைப்பான். நீதாம்மா சொல்லணும்."

நெஸ்டா அவன் முகத்தைத் துடைத்தாள்.

"எடுத்துடுங்க."

திங்கட்கிழமை, பாலத்தைக் கடந்த ரயில் கூவியதில் அவன் விழித்தான். போர்வை ஒரு பக்கம் தட்டையாகக் கிடந்ததை வெகுநேரம் பார்த்தான்.

"யாரு எடுக்கச் சொன்னது?"

"நான்தான்."

"முழிச்சிருந்தா விட்டிருக்க மாட்டேன்."

"தெரியும். அதான் நீ முழிக்கிறவரைக்கும் காத்திருக்கல."

அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டான்.  அவள் பிடித்திருந்த கையை மட்டும் இழுத்துக்கொள்ளவில்லை.